நாடகவியல் முதல் நெடுந்தொடர் வரை

தொலைக்காட்சித் தொடரையும் பாடல் காணொளியையும் பள்ளிப் பாடமாக வைக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், தமிழ் கற்பிப்போர் நடுவே முதலில் எழுவது ஒரு நகைப்பு. வீட்டில் இரவெல்லாம் ஓடுவதை வகுப்பிலும் ஓடவிட வேண்டுமா என்பது அதன் பொருள். இந்த நகைப்புக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயதுண்டு. அன்று அது நாடகத்தைப் பார்த்து எழுந்தது. அதற்கு விடை தேடிய இருவரின் பெயர்கள் இன்றைய தாம்பரம் வட்டாரத்தோடு தொடர்புடையவை.

முதலாமவர் பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்ட வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870 - 1903). சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே தமிழ் கற்பித்தவர். கல்லூரி சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு, இன்றைய தாம்பரம் வளாகத்துக்கு, இடம்பெயர்ந்தது 1937இல்தான். அவர் பணியாற்றிய காலத்தில் அது நகரின் நடுவே, பாரிமுனைப் பக்கம் இருந்தது. நாடகம் என்றால் கூத்தாடிகளின் தொழில், கற்றோர் நெருங்கத் தகாதது என்ற எண்ணம் வலுத்திருந்த அந்நாளில், 1897இல் அவர் ‘நாடகவியல்’ என்ற இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார். வடமொழி நாடக மரபும் ஆங்கில நாடக அறிவும் கலந்த நூல் அது. இலக்கணம் எழுதப்பெற்றதால் நாடகம் கல்விக்குரிய பொருளாகத் தகுதி பெற்றது. இன்று ஊடகக் கல்வி என்று நாம் பேசுவதன் தமிழ்த் தொடக்கம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

மற்றவர் பம்மல் சம்பந்த முதலியார். அவர் பெயரின் முன்னொட்டான பம்மல், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இப்போது அடங்கியிருக்கிறது. பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவொன்றின் ஆட்டத்தைக் கண்டு கிளர்ச்சியுற்ற அவர், 1891இல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் முகத்தில் அரிதாரம் பூசி மேடையேறினர். பின்னாளில் நீதிபதியாகவும் பணியாற்றிய ஒருவர் நடிகராக இருந்தது, நடிப்பின் மீதிருந்த இழிவைக் குறைத்தது. ஒருவர் இலக்கணத்தாலும் மற்றவர் பயிற்சியாலும் ஒரே வாயிலைத் திறக்க முயன்றனர்.

ஆனால் வாயில் பாதிதான் திறந்தது. 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம். பாடத்திட்டங்களில் நிலைத்த இடம் கிடைத்தது அதற்குத்தான். மேடை, ஒளி, நடிகனின் உடல், பார்வையாளரின் எதிர்வினை ஆகியவை வகுப்புக்கு வெளியே நின்றன. மாணவர் நாடகத்தைச் செய்யுளாகப் படித்தனர், அருஞ்சொற்பொருள் எழுதினர். நாடகம் உள்ளே வந்தது, காட்சி வரவில்லை. இத்தனைக்கும் மேடையின் நீள அகல உயரங்களைக் கோல் கணக்கில் சொல்லி, மூவகைத் திரைகளையும் பெயரிட்டு விளக்கும் அரங்கேற்று காதை நம்மிடம் இருந்தது.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. இந்தியாவில் அதன் வளர்ச்சிக்குச் சொல்லப்பட்ட காரணமே கல்விதான். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடந்த ‘சைட்’ செயற்கைக்கோள் சோதனை, தமிழகம் நீங்கலான ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 கிராமங்களுக்குப் பாடங்களையும் வேளாண்மைச் செய்திகளையும் கொண்டு சென்றது. அதே ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1984இல் வந்த ‘ஹம் லோக்’ தொடர், மெக்சிகோவின் மிகேல் சபீதோ வகுத்த முறையைப் பின்பற்றி, குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண் நிலையையும் கதைக்குள் வைத்துச் சொல்ல முயன்றது. தமிழ் வீடுகள் அதைவிட வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்கே காத்திருந்தன. படத்திலிருந்து பாடலைத் தனியே வெட்டியெடுத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அதன் வழியே நம் கண்கள் பயின்றன. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என நெடுந்தொடர்கள் மாலைப்பொழுதின் கால அட்டவணையையே மாற்றின. 2006க்குப் பின் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி எளிய வீடுகளுக்கும் சென்றது.

பள்ளி இதை எப்படி எதிர்கொண்டது? தொலைக்காட்சியைக் கருவியாக ஏற்றது, பாடப்பொருளாக ஏற்கவில்லை. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றின்போது வகுப்பறையாகவே விளங்கியது. திரையிலிருந்து கணக்கும் அறிவியலும் கற்ற மாணவருக்கு, அந்தத் திரையைப் படிக்கக் கற்பிக்கும் ஏற்பாடு இல்லை. இதற்கு விலக்காகச் சில முயற்சிகள் உண்டு. 2019இல் வந்த தமிழக ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் ஊடகமும் ஜனநாயகமும் பற்றிய பாடம் உள்ளது. அதே ஆண்டின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் நூல் ‘திரைமொழி’ என்ற உரைநடைப் பாடத்தைச் சேர்த்தது. தமிழ்ப் பாடநூலுக்குள் காட்சியின் இலக்கணம் நுழைந்த இந்த நிகழ்வு, போதிய அளவு பேசப்படவில்லை. சிபிஎஸ்இ மேல்நிலையில் மாஸ் மீடியா ஸ்டடீஸ் என்பது விருப்பப் பாடம். இங்கிலாந்தில் 2017 முதல் கற்பிக்கப்படும் மேல்நிலை ஊடகப் பாடத்திட்டம் ஒன்றில் நெடுந்தொடரும் பாடல் காணொளியும் தேர்வுக்குரிய பனுவல்களாகவே வைக்கப்பட்டன.

நம் வகுப்பில் இவற்றை எப்படிப் படிப்பது? ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கதையான ‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொள்வோம். ஒரு சொல்லைக் கேட்டதும் சுற்றியிருப்போர் முகங்கள் ஒவ்வொன்றாக அண்மைக்காட்சியில் வருவது நெடுந்தொடரின் நிலைத்த உத்தி. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுதலைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என எட்டாக வகுத்தது. எந்த முகத்தில் எந்த மெய்ப்பாடு, எவ்வளவு நேரம் என்று மாணவர் குறிக்கத் தொடங்கினால், பாட்டியின் தொடர் பயிற்சித்தாளாகிவிடும். அடுத்த கேள்வி பொருளியல் சார்ந்தது. தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டணம் செலுத்தி, விளம்பர நேரத்தைத் தாமே விற்கும் முறை தமிழ்த் தொடர்களில் வேரூன்றியது. கதை ஏன் முடிவதில்லை என்பதற்கான விடையில் ஒரு பகுதி அங்கே உள்ளது. மருமகளின் கண்ணீர் ஏன் இத்தனை ஆண்டுகள் விலைபோகிறது என்று கேட்கக் கற்ற பெண், தன் வீட்டுக் கூடத்தையும் வேறு கண்ணால் பார்ப்பாள்.

பாடலுக்குக் கானல்வரியைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. கோவலன் பாடுகிறான், மாதவி அதில் வேறொருத்தியைக் கேட்கிறாள். அவள் பாடுகிறாள், அவன் அதில் வேறொருவனைக் கேட்கிறான். பாடியவர் கருதியது ஒன்று, கேட்டவர் கொண்டது ஒன்று. காப்பியம் அங்கே திரும்புகிறது. இதன் அருகில் 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை வைக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிய பாடல் உலகெங்கும் ஆடப்பட்டது. ஒப்பாரியும் கொண்டாட்டமும் அதில் எப்படிக் கலந்தன? எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் ஆகியோருள் யாருக்கு எவ்வளவு உரிமை என அடுத்த ஓராண்டில் பொதுவெளியில் எழுந்த விவாதம் எதைக் காட்டுகிறது? ஆசிரியர் யார் என்ற பழைய இலக்கியக் கேள்விதான் இதுவும்.

இதில் ஒரு நீதிக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. சென்னையின் தென்புறநகர்க் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவுப் பட்டமாகவே கிடைக்கிறது. காட்சியைப் பகுத்தறியும் பயிற்சி கட்டணம் செலுத்தக்கூடியவருக்குக் கிடைக்க, காட்சியைப் பார்க்கும் நேரம் மட்டும் அனைவருக்கும் வாய்க்கிறது. பல்லாவரத்திலோ பெருங்களத்தூரிலோ அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயிற்சியைத் தரக்கூடியவர் அங்குள்ள தமிழாசிரியரே. தனிப் பாடமும் தனிக் கூடமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மெய்ப்பாட்டியலும் அரங்கேற்று காதையும் கானல்வரியும் அவர் கையில் ஏற்கெனவே உள்ளன.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நாடகத்துக்கு நேர்ந்தது நெடுந்தொடருக்கும் நேரக்கூடாது. வசனத்தை அச்சிட்டுக் கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னால், காட்சி இன்னொரு முறை வாயிலிலேயே நின்றுவிடும். பார்த்து, நிறுத்தி, திரும்பப் பார்த்து, வாதிடும் வகுப்பே இதற்கு உகந்தது. முப்பத்து மூன்று வயதுக்குள் வாழ்ந்து முடித்த ஓர் ஆசிரியர் 1897இல் விட்ட இடம் அது. அங்கிருந்து தொடர்வது நம் பொறுப்பு.