மண்ணுள் கிடந்த சாட்சி

அமெரிக்க நாட்டின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மிடில்டவுன் என்றோர் ஊர் உண்டு. 2014ஆம் ஆண்டில் அங்குள்ள பழத்தோட்டம் ஒன்றில், உலோகம் காட்டும் கருவிகொண்டு நிலத்தைத் துழாவிய ஆர்வலர் ஒருவருக்குத் தேய்ந்த வெள்ளிக் காசு ஒன்று கிட்டியது. ஆங்கிலேயர் குடியேறிய காலத்துக் காசுகளைத் தேடுவோர் அப்பகுதியில் மிகப் பலர். ஆயின் இக்காசில் இருந்தவை அரபு எழுத்துகள். 1693இல் ஏமன் நாட்டில் அச்சிடப்பட்ட காசு அது என்பது பின்னர்ப் புலனாயிற்று.

கருவியின் கம்பிச்சுருளில் மின்சாரம் மாறிமாறிப் பாயுங்கால் காந்தப்புலம் தோன்றும். அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தை எழுப்ப, அதனைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்பும். உலோகம் உண்டு என்பதே அது கூறும் செய்தி. வந்த வழியைக் கூறுதல் வரலாற்றின் கடன். காசிலுள்ள ஆண்டும் சில வேளை மயக்கும். பாஸ்டன் நகரில் 1652இல் தொடங்கிய அச்சுக்கூடம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இயங்கியும், பெரும்பாலான காசுகளில் 1652 என்றே பொறித்து வந்தது.

ஏமன் காசின் வழியை ஆராய்ந்தோர் நம் நாட்டுச் சூரத் துறைமுகத்தை வந்தடைந்தனர். 1695 செப்டம்பரில், மெக்காவிலிருந்து பயணிகளுடன் சூரத்துக்குத் திரும்பிய ‘கஞ்ச்-இ-சவாய்’ என்னும் முகலாயக் கப்பலை ஹென்றி எவ்ரி என்னும் ஆங்கிலக் கடற்கொள்ளையன் தாக்கினான். பொன்னும் வெள்ளியும் பறிபோயின. பயணிகள் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாயினர். சினமுற்ற முகலாய அரசு, சூரத்திலிருந்த ஆங்கிலக் கம்பெனியாரைச் சிறைப்படுத்தியது. எவ்ரி கடைசிவரை அகப்படவில்லை.

மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மாநிலங்களிலும் இத்தகைய அரபுக் காசுகள் கிட்டியுள்ளன. எவ்ரியின் கூட்டத்தாரே அவற்றைக் கொண்டுசென்றனர் என்பது ஒரு கருத்து. எனினும், ரோட் ஐலண்டைச் சார்ந்த தாமஸ் டியூ என்பவனும் அதற்கு முன்னரே செங்கடற்பக்கம் கொள்ளையிட்டு, 1694இல் பெரும்பொருளுடன் ஊர் திரும்பியவன். ஆகவே தனிக்காசு ஒன்று கொள்ளையன் பெயரை உறுதியாக உரைக்காது; செங்கடல் வெள்ளி அமெரிக்கக் கரை சேர்ந்தது என்பதற்கு அது சான்றாகும்.

எவ்ரியின் ஆட்கள் அறுவர் 1696இல் இலண்டனில் வழக்கை எதிர்கொண்டனர். முகலாயக் கப்பலைக் கொள்ளையிட்ட குற்றத்திலிருந்து நடுவர் குழு அவர்களை விடுவித்தது. தாங்கள் பணியாற்றிய ஆங்கிலக் கப்பலைக் கவர்ந்த வழக்கு தொடுக்கப்பட்டபோதே அவர்கள் குற்றவாளிகளாயினர், ஐவர் தூக்கிலிடப்பட்டனர். கடலில் வதைபட்ட நம் நாட்டுப் பயணிகளுக்கு நீதிமன்றம் அளிக்காத சாட்சியத்தை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பழத்தோட்டத்து மண் அளித்தது.

நம் நிலங்களிலும் பழைய இல்லங்களின் கடைக்காலிலும் காசுகள் வெளிப்படுதல் உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. கிடைத்த இடம், ஆழம், உடன்கிடந்த பொருள் ஆகியவற்றைக் குறித்து வைத்தலும் நம் கடமையே. துலக்கி விற்ற காசு வெள்ளியின் விலையைத் தரும். இடமறிந்து காத்த காசு, மறைந்த மாந்தரின் வரலாற்றைத் தரும்.