பின்னால் வந்த டேங்க்

சோவியத் டெலிடேங்க் பற்றிப் பேசும் எல்லாரும் ஆளில்லாமல் ஓடிய வண்டியைத்தான் பேசுவார்கள். டிடி-26. ஓட்டுநர் இல்லை, ஆனா திரும்பும், நிற்கும், தீயைக் கக்கும். எனக்கென்னவோ அதுக்குப் பின்னால் வந்த இன்னொரு டேங்க் மேலதான் கண். டியு-26. அதுவும் ஒரு டி-26தான். ஆனால் உள்ளே மனிதர்கள் இருந்தார்கள், முன்னால் போவதற்கு ரேடியோவில் கட்டளை அனுப்ப.

இரண்டையும் கட்டுப்படுத்தும் கருவிகள் விளாதிமிர் பெகாவுரி 1921இல் தொடங்கிய ஓஸ்டெக்பியூரோ என்ற ரகசிய ராணுவ ஆய்வகத்தின் வேலையில் இருந்து வந்தவை. முதலில் ஒரு ரெனோ டேங்கில் சோதித்தார்கள், 1930களில் டி-26க்கு வந்தார்கள். விஷவாயுப் போர் வரும் என்று எல்லா ராணுவமும் நம்பிய காலம் அது. அந்தப் புகைக்குள் மனிதனை ஏன் அனுப்பணும் என்பதுதான் கேள்வி.

நியாயமான கேள்விதான். கட்டளை போய்ச் சேர்வதிலும் பெரிய சிக்கல் இல்லை. திரும்பி எதுவும் வராததுதான் சிக்கல். முன்னால் போகும் டேங்க் பள்ளத்தில் விழுந்ததா, பாறையில் முட்டி நிற்கிறதா? கேமரா கிடையாது, பதில் சிக்னல் கிடையாது. நான் வேலை பார்க்கும் மென்பொருளில் இப்படி ஒன்றை எழுதினால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க. இங்கே இருந்த ஒரே பதில் சிக்னல், இயக்குபவரின் கண். அதுவும் குலுங்கும் டேங்கின் குறுகிய பார்வைத் துளை வழியாக, சில நூறு மீட்டரில் இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி.

1939–40 குளிர்காலப் போரில் பின்லாந்துக்கு எதிராக இவற்றை இறக்கினார்கள். பனி, காடு, வரிசையாக நட்ட கருங்கல் தடைகள். தெளிவாப் பார்க்கணும்னா கட்டளை டேங்க் கிட்டப் போகணும். கிட்டப் போனால் பின்லாந்தின் 37 மிமீ போபர்ஸ் பீரங்கி. டி-26இன் கவசமோ சுமார் 15 மிமீ. ஆளைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு, ஆளையே குண்டு விழும் இடத்துக்கு இழுத்தது. பெரிதாகச் சாதிக்கவில்லை.

அதைப் பார்க்க பெகாவுரி இல்லை. 1937இல் கைதாகி, 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனால் அவருடைய ஆய்வகம் ரேடியோ கண்ணிவெடிகளும் செய்திருந்தது. அந்த வழியில் வந்த வெடி ஒன்றை 1941 நவம்பர் 14 அன்று, ஜெர்மானியர் பிடித்திருந்த கார்கிவ் நகரில், சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி வோரோனெஷில் இருந்து சிக்னல் அனுப்பி வெடிக்க வைத்தார்கள். ஜெனரல் கியோர்க் பிரௌன் செத்தார். கண்ணிவெடி எங்கேயும் நகராது. அதைப் பின்னால் இருந்து யாரும் பார்த்துக்கொண்டே வர வேண்டியதில்லை.