கரிசலுக்கு அடியில் கிடந்த மணிச்சத்து

பச்சைமலையின் கிழக்கு அடிவாரத்திலிருந்து கொள்ளிடத்தின் வடகரை நோக்கித் தாழ்ந்து செல்லும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலத்தில் ஒரு பெரும்பகுதி, ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி நின்று பின்வாங்கிய இடம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெரிந்துவிட்டது. 1840களில் கே, கன்லிஃப் ஆகியோர் இங்கே திரட்டிய சிப்பிகளும் சங்குகளும் லண்டன் வரை சென்றன; 1862இல் எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதன்பின் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தொல்லுயிர் எச்சங்களைப் பற்றியதாகவோ சிமென்டைப் பற்றியதாகவோ அமைந்தது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1939இல் கல்லக்குடியில் எழுந்த டால்மியா ஆலையும் 1979இல் தொடங்கிய அரியலூர் அரசு சிமென்ட் ஆலையும் இந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பி வந்தவை. அதே சுண்ணாம்பு, மேல்மண்ணில் பருத்தியும் சோளமும் நிலக்கடலையும் வெங்காயமும் விளைவித்தவர்களுக்கு என்ன செய்தது என்ற கேள்வி அவற்றைவிடப் பழையது, ஆனால் அவ்வளவாகப் பேசப்படாதது.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் இயல்பை அறிய, கார அமில நிலை என்னும் அளவீட்டை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைக் குறிக்கும் இந்த அளவை, பி.எச். என்ற பெயரில் 1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். பெரும்பாலான பயிர்களின் வேர்கள் 6க்கும் 7க்கும் இடைப்பட்ட நிலையில் சத்துகளை எளிதாக எடுத்துக்கொள்கின்றன. சுண்ணாம்புத் துகள் கலந்த கரிசலிலும், சுக்கான் கல் உருண்டைகள் நிறைந்த சுக்கான் நிலத்திலும் இந்த எண் 8ஐத் தாண்டி நிற்பது வழக்கம். அந்த நிலையில் மண்ணில் இடப்படும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத உப்பாக மாறிவிடும். இரும்பின் கரைதிறனோ பி.எச். ஓர் எண் உயரும்போது ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். துத்தநாகமும் ஏறக்குறைய அவ்வழியே போகும். ஆகவே இந்நிலத்தின் குறை பெரும்பாலும் சத்து இல்லாத குறையன்று, இருக்கிற சத்து வேருக்கு எட்டாத குறையே ஆகும். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு 1890களின் ஒரு நிகழ்வு நல்ல சான்று.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எச். வார்த், ஊட்டத்தூர்த் தொகுதியின் களிமண் அடுக்குகளில் சிதறிக் கிடந்த பாஸ்பேட் முடிச்சுகளைப் பற்றி அப்போது விரிவாக ஆராய்ந்தார். முடிச்சு என்பது கடலடிச் சேற்றில் உயிர்ப்பொருள்களைச் சுற்றித் திரண்டு இறுகிய உருண்டைக் கல். அவற்றில் 56 முதல் 59 சதவீதம் சுண்ணாம்புப் பாஸ்பேட்டும் ஏறத்தாழ 16 சதவீதம் சுண்ணாம்புக் கார்பனேட்டும் இருப்பதாகக் கண்டு, 200 அடி ஆழம் வரை தோண்டினால் ஏறக்குறைய 80 லட்சம் டன் கிடைக்கும் என்று அவர் 1893இல் மதிப்பிட்டார். அந்த ஆண்டின் சூழலில் இது சாதாரணச் செய்தியன்று. இந்திய வேளாண்மையை ஆராய இங்கிலாந்திலிருந்து வந்து நாடெங்கும் சுற்றிய ஜான் அகஸ்டஸ் வோல்க்கரின் அறிக்கையும் 1893இலேயே வெளிவந்தது. சாணம் அடுப்புக்குப் போவதையும், எலும்பும் எண்ணெய் வித்துகளும் கப்பலேறி அவற்றோடு மண்ணின் சத்தும் வெளியேறுவதையும் அவ்வறிக்கை விவாதித்தது. வெளியே போகும் மணிச்சத்துக்கு ஈடாக அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மண்ணுக்குள்ளேயே ஒரு புதையல் கிடைத்துவிட்டது என்று யாரேனும் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் நடந்தது வேறு. முடிச்சுகளை நுண்ணிய தூளாக அரைத்துத் தென்னிந்தியக் காபித் தோட்டங்களுக்கு உரமாக விற்கச் செய்த முயற்சிகள் அனைத்தும் தோற்றன என்று நிலவியல் துறையின் பின்னைய குறிப்புகள் சுருக்கமாக முடித்துக்கொள்கின்றன. இந்தத் தோல்வியில் ஒரு முரண் இருக்கிறது. பாறைப் பாஸ்பேட்டை அரைத்த தூள் அமில மண்ணில் மெல்லக் கரையும், கார மண்ணில் அசையாமல் கிடக்கும். சேர்வராயன் மலையும் நீலகிரியும் போன்ற காபி மலைகளின் மண் அமிலச் சார்புடையது, எனவே அத்தூள் பயன்பட்டிருக்கக்கூடிய இடம் அதுவே. பல பத்தாண்டுகளுக்குப் பின், மசூரியிலும் இராஜஸ்தானிலும் வெட்டப்பட்ட பாறைப் பாஸ்பேட்டின் தூளைத் தென்னிந்தியத் தோட்டங்கள் வழக்கமாகவே வாங்கின. முடிச்சுகள் புதைந்திருந்த நிலத்துக்கு மேலேயே உழுதுகொண்டிருந்த கரிசல் விவசாயிக்கோ, அந்தத் தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் சுண்ணாம்புப் பாஸ்பேட்டைக் கரைக்கும் அமிலம் ஏது?

அமிலம் ஆலையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. கந்தக அமிலத்தில் பாஸ்பேட்டை ஊறவைத்து, நீரில் கரையும் சூப்பர் பாஸ்பேட்டாக மாற்றும் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் 1842இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்; சென்னை மாகாணத்தில் அது 1906இல் பாரி நிறுவனம் இராணிப்பேட்டையில் அமைத்த ஆலை வழியாக வந்து சேர்ந்தது.

சூப்பர் பாஸ்பேட்டும் சுண்ணாம்பு நிலத்தில் நெடுநாள் கரைந்த நிலையில் நிற்பதில்லை என்பது அடுத்த தலைமுறை கற்ற பாடம். அதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிப் பயிர்களுக்குப் பரிந்துரைத்த விடை ஊட்டமேற்றிய தொழுவுரம். ஒரு ஹெக்டேருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டை 750 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஏறத்தாழ ஒரு மாதம் மூடிவைத்து, பின் விதைப்பின்போது இடுவதே அம்முறை. தொழுவுரம் மேலும் மக்கும்போது உண்டாகும் கரிம அமிலங்களும், மணிச்சத்தைத் தம் உடலில் ஏற்றுக்கொள்ளும் நுண்ணுயிர்களும், அச்சத்து மண்ணின் சுண்ணாம்பை உடனே சந்திக்காதபடி தடுக்கின்றன. அறிவியலின் பெயர்கள் புதியவை என்றாலும், இந்தச் செயலின் சாரம் இந்நிலத்தில் முன்பே இருந்தது. அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுவது, கோடையில் ஏரி வண்டலை வண்டியில் அடிப்பது, கொழுஞ்சியும் எருக்கும் ஆதாளையும் வெட்டிச் சேற்றில் மிதிப்பது ஆகிய வழக்கங்கள் அனைத்தும், வேரைச் சுற்றிய சிறு வட்டத்திலேனும் மக்கும் பொருளை நிறுத்தி, அங்கே மட்டும் காரத்தைத் தணித்தன. மண் முழுவதன் பி.எச்.ஐயும் அவை மாற்றிவிடவில்லை. டன் கணக்கில் சுண்ணாம்பு கிடக்கும் நிலத்தில் அதை மாற்ற எவராலும் இயலாது. பழைய முறைகளைப் புகழ்வோர் இந்த எல்லையையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

இயலாததை விட்டு, மண்ணையே சுற்றிக்கொண்டு போகும் வழியும் பின்னர் வழக்கத்துக்கு வந்தது. நிலக்கடலையின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றப் பகுதி வெளுத்தால் அது இரும்புக் குறை. அதற்கு மண்ணில் இரும்பைப் போடுவதைவிட அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, நீரில் கரைத்து இலைமேல் தெளிப்பதே பலன் தரும். பயறு வகைகளுக்கு 2 சதவீத டி.ஏ.பி. கரைசலைப் பூக்கும் பருவத்தில் தெளிக்கும் பரிந்துரையும் இவ்வழியைச் சேர்ந்தது. கோழித்தீவனத் தேவையால் மக்காச்சோளம் பெரம்பலூரின் முதன்மைப் பயிர்களில் ஒன்றானபோது துத்தநாகக் குறை பெரிதாகத் தெரியத் தொடங்கியது. குருத்து வெளுத்து நிற்கும் பயிரைக் கண்டபின் தெளிப்பதைவிட, ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை அடியுரமாக இடுவது வழக்கமாயிற்று. ஊட்டத்தூர்க் களிமண்ணில் தகடு தகடாகக் கிடக்கும் ஜிப்சத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே விலக்க வேண்டும். காரைப் பகுதியின் வெட்டுநிலங்களில் வெயிலில் மின்னும் அந்த ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் நிலத்தைத் திருத்தும், நிலக்கடலைக்குக் கந்தகமும் கால்சியமும் தரும். சுண்ணாம்பால் காரமான நிலத்தின் பி.எச்.ஐ அது குறைப்பதில்லை. களரும் சுக்கானும் ஒன்றன்று.

இந்த வரலாற்றின் கடைசிப் பகுதியில் வந்து சேர்வது தென்னை நார்க்கழிவு. மட்டையிலிருந்து கயிற்றுக்கு வேண்டிய நாரைப் பிரித்தபின் எஞ்சும் பழுப்புத் தூளை, 1860களிலேயே இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் தொட்டிச் செடிகளுக்குப் பயன்படுத்தினர். தமிழ்நாட்டின் கயிற்றாலைகளிலோ அது நீண்ட காலம் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தது. கரிமமும் தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், 112க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால் அதை அப்படியே வயலில் இட்டால், நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, அறுபது நாளில் அவ்விகிதத்தை 24க்கு 1 அளவுக்குக் கொண்டுவரும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் தென்னைக்குப் பெயர்பெற்றவை அல்ல. நார்க்கழிவு இங்கே பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பொருள். மக்கிய நார்க்கழிவு மானாவாரிக் கரிசலில் ஈரத்தைப் பிடித்து நிறுத்துவதோடு, தொழுவுரம் செய்த வேலையையும் ஓரளவு செய்கிறது.

மக்காத நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி, பையில் அடைத்து, மண்ணே இல்லாமல் செடி வளர்ப்பது வேறொரு தொழில். 1980களின் இறுதியில் ஐரோப்பாவில் செடி வளர்க்கப் பயன்பட்ட சதுப்புநிலக் கரியை வெட்டுவதற்கு எதிர்ப்பு வலுத்தபின் இலங்கையும் தமிழ்நாடும் இதில் இறங்கின. இந்த ஊடகத்தின் இயல்பு சுக்கான் நிலத்துக்கு நேர் எதிரானது. அதன் பி.எச். பெரும்பாலும் 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்கும். அதன் துகள்களின் மேல் சாம்பல் சத்தாகிய பொட்டாசியமும் சோடியமும் ஒட்டியிருக்கும். கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு. வேருக்குக் கொடுக்கும் கால்சியத்தைத் துகள்களே பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சாம்பல் சத்தை வெளியிடும் என்பதால், நடுவதற்கு முன் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசி, அந்த இடமாற்றத்தை முன்கூட்டியே முடித்துவிடுகிறார்கள். கரிசலில் மிகையாகிப் பயிரை வாட்டிய கால்சியம் இங்கே விலை கொடுத்து வாங்கப்படுகிறது.

எனினும் அப்பையை வைத்து ஒரு நிழல்வலைக் குடிலை இம்மாவட்டங்களின் சுண்ணாம்புப் பகுதியில் அமைக்கும்போது பாறை மறுபடியும் குறுக்கிடுகிறது, இம்முறை நீரின் வழியாக. சுண்ணாம்புப் பாறையினூடே ஊறிவரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும். சொட்டுநீரோடு அது நாள்தோறும் பையில் இறங்க இறங்க, தொடக்கத்தில் 6 ஆக இருந்த பி.எச். வாரங்களில் 7ஐக் கடந்து ஏறும், குழாயின் துளைகளில் வெள்ளைப் படிவு கட்டும், இளம் இலைகள் நிலக்கடலை வயலில் வெளுத்ததைப் போலவே வெளுக்கும். கால்சியத்தின் ஒரு பங்கு இந்நீரிலேயே வந்துவிடுவதால், மென்னீருக்கென எழுதப்பட்ட உரக் கலவையை அப்படியே பின்பற்றினால் கால்சியம் மிகும், மக்னீசியம் பின்தங்கும். எனவே நீரை முதலில் சோதித்து, பைகார்பனேட்டின் அளவுக்கேற்ப நைட்ரிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்து 6க்கு அருகில் கொண்டுவந்து, பையின் அடியில் வடியும் நீரின் பி.எச்.ஐயும் உப்பளவையும் அவ்வப்போது அளக்க வேண்டியிருக்கிறது. அமிலத்தோடு சேர்ந்து இறங்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் உரக் கணக்கில் கழிக்கப்பட வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தைக் கால்சியம் நைட்ரேட் கரைத்த தொட்டியிலேயே ஊற்றினால் இரண்டும் சேர்ந்து அடியில் படியும் வெள்ளை வண்டல், ஊட்டத்தூர் முடிச்சுகளில் இருப்பது போன்ற சுண்ணாம்புப் பாஸ்பேட்தான்.