விதானம் ஏறிய மலர்கள்

ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகர மண்டபத்துப் பேரவைக்கூடம் 1889ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கு நிறுவப்படவிருந்த ஆர்கன் இசைக்கருவி அந்நாளில் உலகிலேயே பெரியது. அதன் முழக்கத்தில் அதிர்ந்து, விதானத்துச் சுதை அவையோர் தலைமீது உதிருமோ என அஞ்சினர். ஆகவே சுதைக்கு மாற்றாக, அச்சில் அழுத்திப் பூவேலை செய்த துத்தநாகத் தகடுகளைப் பொருத்தினர். அவற்றை அளித்தவர் 1885இல் சிட்னிக்கு வந்த எர்னஸ்ட் வுண்டர்லிக். 1890இல் ஆர்கன் முழங்கியது; விதானம் நிலைத்தது.

தம் உடன்பிறந்தாருடன் அவர் ரெட்பெர்னில் நடத்திய ஆலை, இத்தொழிலை அந்நாடெங்கும் பரப்பியது. பிற்காலத்தில் எஃகுத் தகடே மிகுதியும் பயன்பட்டது.

தொழில்முறை எளிதாகத் தோன்றும். சிற்பி களிமண்ணில் உரு சமைப்பார். அதைக்கொண்டு குழிவும் புடைப்புமாக இணையும் இரண்டு உலோக அச்சுகள் வார்க்கப்படும். இடையே மெல்லிய தகட்டை வைத்து, மேலிருந்து பெருஞ்சம்மட்டியை விழச் செய்வர். ஆழ்ந்த வேலைப்பாட்டை ஒரே அடியில் எடுக்க முயன்றால் தகடு கிழியும். சிறிது சிறிதாகவே ஆழப்படுத்த வேண்டும்.

சுதையின் மலிவான போலி என்று இதனை இகழ்ந்தோர் உண்டு. ஆயினும், செல்வர் மாளிகைக்கே உரியதாயிருந்த அலங்காரத்தை எளிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் கொணர்ந்தது இத்தகடே. ஐரோப்பிய இலைக்கொடிகளோடும் அது நின்றுவிடவில்லை; வாரட்டா முதலிய அம்மண்ணின் மலர்களும் விதானம் ஏறின.

பின்னர் நார்ச்சாந்துப் பலகைகள் பெருகவே இக்கலை தேய்ந்தது. அச்சு ஆயிரம் படிகளை ஈனும். முதற் களிமண்ணைத் தொட்டதோ ஒரு மனிதனின் விரல். பழங்கட்டடத்தை இடிக்குமுன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தல் நம் கடன்.