பாளையக்காரர் நாடுகடத்தல், பினாங்கு (1802)

பாளையக்காரர் நாடுகடத்தல் என்பது, 1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்ட திருநெல்வேலி, சிவகங்கைச் சீமைக் கைதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்குத் தீவுக்கு அனுப்பிய தண்டனை நடவடிக்கையாகும். பாளையக்காரர் என்போர், படை திரட்டவும் வரி தண்டவும் உரிமை பெற்றிருந்த வட்டாரத் தலைவர்கள். கிளர்ச்சித் தலைவர்களான மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் 1801ஆம் ஆண்டு இறுதிக்குள் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர், 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டனர்.

கம்பெனி 1786இல் கைக்கொண்டு ‘வேல்சு இளவரசர் தீவு’ எனப் பெயரிட்ட பினாங்கில், அந்தமானில் 1789இல் தொடங்கிய குடியேற்றம் நோயால் 1796இல் கைவிடப்பட்டபோது, அங்கிருந்த கைதிகளும் சேர்க்கப்பட்டிருந்தனர். சாலை அமைத்தல் முதலிய அரசுப் பணிகளில் தண்டனைக் கைதிகளின் உழைப்பு பயன்பட்டது. தூத்துக்குடியில் காவலில் இருந்தபோது துரைசாமியின் விலங்கைத் தளர்த்திய படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818இல் பினாங்கில் தாம் சந்தித்தபோது அவர் அடையாளம் காண இயலாதவாறு முதுமையுற்றிருந்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

தலைவர்களைச் சொந்தச் சீமையிலிருந்து கடல் கடத்தி எதிர்ப்பை வேரறுக்கும் இம்முறை, 1858இல் அந்தமானின் போர்ட் பிளேர் தண்டனைக் குடியேற்றத்தில் விரிவாகத் தொடர்ந்தது.