சங்கிலிக்குப் பதில் செவிலியர் - மனநலச் செவிலியம் வளர்ந்த கதை

உடம்புக்கு நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்கும், மனதுக்கு நோய் வந்தால் கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதும் தென் மாவட்டங்களில் நெடுங்காலமாக உள்ள பழக்கம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று நீளும் கரிசல் காடு வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து விளையும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான். இப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். ஒருவர் நோயால் இரண்டு பேர் கூலி போய்விடும். ராத்திரி எழுந்து எங்கேயாவது ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

இந்தப் பயம்தான் பலரை விளாத்திகுளம், சாயல்குடி வழியாக ஏர்வாடிக்கு அனுப்பியது. திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி உண்டு. இது ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். இங்குள்ள தர்காவில் தங்கினால் மனநோய் தீரும் என்பது இந்துக்கள், முஸ்லிம்கள் என்று எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. கூடவே தங்க முடியாத குடும்பத்தார் நோயாளியை விட்டுச் செல்ல, தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பெருகின. அவற்றில் மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை, சங்கிலி மட்டும் இருந்தது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படியொரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அடுத்த சில நாட்களில் அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் காப்பகம் நடத்த உரிமம் வேண்டும் என்று சொல்லும் மனநலச் சட்டம் 1987லேயே வந்துவிட்டது.

சங்கிலி இல்லாமல் மனநோயாளியைப் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியும் என்று பாரிஸ் நகரம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியது. பிசேத்ர் மருத்துவமனையில் 1797ல் சங்கிலிகளை அகற்றியவர் ழான் பாப்தீஸ்த் பூசேன். அவர் டாக்டர் அல்ல. அங்கே நோயாளியாக வந்து, குணமாகி, பிறகு நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தவர். பெயர் என்னவோ டாக்டர் பினேலுக்குத்தான் கிடைத்தது.

அமெரிக்காவில் 1882ல் மக்லீன் மருத்துவமனை மனநோயாளிகளைப் பராமரிப்பதற்கென்றே செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது. 1952ல் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற செவிலியர், நோயாளிக்கும் செவிலியருக்கும் உள்ள உறவே ஒரு சிகிச்சை என்று புத்தகம் எழுதினார். அதே ஆண்டில்தான் குளோர்ப்ரோமசின் மருந்து மனநோய்க்குப் பயன்பட ஆரம்பித்தது. மருந்து ஆவேசத்தை அடக்கியது. ஆனால் மருந்தை விழுங்கினாரா, தூங்கினாரா, சாப்பிட்டாரா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே! நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும், வீட்டாருக்கு நோயைப் பற்றிப் புரிய வைப்பதும் அதே ஆளின் வேலைதான்.

நம் நாட்டில் சென்னை மனநலக் காப்பகம் 1794ல் தொடங்கி, 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. 1961ல் அதன் முதல் பெண் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன், நோயாளிகள் குணமாகிக் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதற்காகப் பாடுபட்டார். பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் எனப்படும் நிறுவனத்தில் மனநலச் செவிலியர் படிப்பு 1950களில் வந்தது. அதாவது, காப்பகம் வந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் அதில் வேலை செய்வோருக்கென்று தனிப் படிப்பு வந்தது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் கூடாது என்று தடை செய்தது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, பதிவேட்டில் எழுதி, கண்காணிப்பில் வைத்துச் சிறிது நேரம் கட்டுப்படுத்தலாம். 2022ல் 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி உதவியும் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சங்கிலிக்கு ஒரு முறைதான் செலவு, செவிலியருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். ஆனால் சங்கிலியில் கிடப்பவர் திரும்ப வேலைக்குப் போவதில்லை. நல்ல பராமரிப்பு கிடைத்தவர்களில் பலர் மறுபடி காட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ போகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் கூடவே வேலைக்குப் போக முடிகிறது. இந்த வரவை எந்தக் காப்பகமும் எழுதி வைக்கவில்லை.

ஏர்வாடிக்கு அனுப்பிய குடும்பங்கள் பாசம் இல்லாதவை அல்ல. ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் வரை, சட்டம் தடுத்த சங்கிலி ஏதாவது ஒரு வீட்டின் பின்கட்டில் இருக்கத்தான் செய்யும்.