வற்றும் கண்மாயில் இறங்கும் பறவைகள்: பரவை வட்டாரத்து வலசைத் தங்கல்கள் பற்றி ஓர் ஆய்வு

1. சொல்லும் வரையறையும்

பரவை என்றால் பரந்து கிடக்கும் நீர். கடலுக்கும் அது பழைய பெயர். மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையை ஒட்டி இருக்கும் பரவையை இன்று மதுரைக்காரர்கள் காய்கறிச் சந்தையால் அறிகிறார்கள். இடையின ரகரத்தை வல்லின றகரமாக்கினால் ஊர்ப்பெயர் பறவை ஆகிவிடும். அந்த ஒலி ஒற்றுமை தற்செயலானது; அதன்மேல் வாதம் எதையும் நான் கட்டவில்லை. நீர் என்ற பொருளே இக்கட்டுரைக்குப் போதும்.

வலசை போகும் பறவை ஓரிடத்தில் குஞ்சு பொரிக்கிறது, வேறோரிடத்தில் பனிக்காலத்தைக் கழிக்கிறது. இரண்டுக்கும் நடுவே இறங்கி, இரை தேடி, உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டு புறப்படும் இடத்தை இங்கே 'தங்கல்' என்கிறேன். பறவைகளுக்கான இடம் என்றதும் நம் மனத்தில் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் வருகின்றன. மரம் நிறையக் கூடுகள், கூடு நிறையக் குஞ்சுகள். தங்கலில் கூடு கிடையாது. சில நாள், மிஞ்சினால் சில வாரம். வந்து போன தடமே தெரியாது. இந்தத் தடமின்மைதான் தங்கலுக்குப் பகையாக நிற்கிறது என்பது என் கருத்து.

2. ஒரு பழஞ்சான்று

தங்கல் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடல் மதுரையில் நிகழ்கிறது. வாடைக்காற்றில், மேலுக்கு ஆடையின்றி நடுங்கும் புலவர், குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம் தம் ஊர்க் குளத்தில் தங்கி மனைவிக்குச் செய்தி சொல்லும்படி வேண்டுகிறார். பாடலின் வறுமையில் தோய்ந்த நாம் அதன் பறவையியலைப் போதிய அளவு பார்க்கவில்லை. தெற்கே ஓர் எல்லை, வடக்கு நோக்கிய திரும்புதல், இடையில் ஒரு குளத்தில் தங்குதல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. அலகும் காலும் சிவந்த அந்த நாரை, ஐரோப்பாவிலும் மேற்கு, நடு ஆசியாவிலும் கூடு கட்டும் செங்கால் நாரையோடு பொருந்துகிறது. நம் கண்மாய்களில் அடிக்கடி காணும் மஞ்சள்மூக்கு நாரை உள்நாட்டில் இடம் மாறுவது. அலகின் நிறமும் ஒத்துவராது.

3. கண்மாய் என்னும் அமைப்பு

பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கின்றன. மாடக்குளத்துக் கண்மாயைச் சொல்லி, அதன் பாசனத்துக்குக் கீழ் இருக்கும் ஊர் என்று நகரை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். மாடக்குளம், நிலையூர், தென்கால், வண்டியூர், சாமநத்தம் என்று நகரைச் சுற்றிலும் கண்மாய்கள். பேச்சில் இவை 'கம்மாய்'.

கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம்தான். கரையடியில், மடையை ஒட்டி, ஆழம். அதற்கு எதிர்ப்பக்கம், வரத்துக்கால் நுழையும் இடத்தில், நிலம் மெல்லச் சரிந்து கணுக்கால் நீராகி, சேறாகி, புல்லாகி முடிகிறது. ஊரார் கரையில் நின்று கண்மாயைப் பார்க்கிறார்கள். வலசைப் பறவைக்கு வேண்டியதெல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஆர்க்டிக் கரையோரத்தில் பொரித்து வரும் கொசு உள்ளான் ஈரச் சேற்றில் கொத்தும். பொரி உள்ளானுக்கு விரற்கடை நீர். பச்சைக்காலி இன்னும் சற்று உள்ளே இறங்கும். ஊசிவால் வாத்து வாலைத் தூக்கித் தலையை நீருக்குள் விட்டு மேயும் ஆழம் அதற்கும் அப்பால். ஒரு சாண் நீர் கூடினாலோ குறைந்தாலோ ஓர் இனம் இடம் பெயர்ந்துவிடும். ஆகவே நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கும் கண்மாயே நல்ல தங்கல். ஒவ்வொரு நாளும் அது புதிதாக ஒரு கோடு சேற்றைத் திறந்து வைக்கிறது.

கண்மாய் தனியாகவும் இருப்பதில்லை. ஒன்று நிறைந்து கலுங்கு பாய்ந்தால் மறுகால் அடுத்ததற்குப் போகும். பெரியது மெல்ல வற்றும், சிறு ஏந்தல்கள் சீக்கிரம் வற்றும். இந்த முன்பின் இருப்பதால்தான், ஒரு கண்மாயில் சேறு காய்ந்து வெடிக்கும்போது இன்னொன்றில் சேறு வெளிப்படுகிறது. தங்கல் என்ற அலகு தனிக் கண்மாயன்று, கண்மாய்ச் சங்கிலி என்பது இதிலிருந்து நான் பெறும் முடிவு.

4. இரு பருவங்கள்

வடக்கிலிருந்து உள்ளான்கள் ஆகஸ்டிலேயே வரத் தொடங்குகின்றன. அப்போது வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். மானாவாரிக் கண்மாய்கள் மாடு மேயும் பொட்டல்கள். எங்கே இறங்கும்? பெரியாற்றுத் தண்ணீரில் என்பது என் விடை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியது. 1959இல் வைகை அணை வந்தது. இன்று வைகையின் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அணை இருப்பைப் பொறுத்துத் திறப்பு முன்பின் ஆவதால், ஒரு வயல் அறுப்புக்கு நிற்க, அடுத்த வயலில் தொளி கலக்கி நீர் கட்டியிருக்கும். அந்தத் தொளிவயல் உள்ளானுக்கு ஆழமற்ற கண்மாயேதான். பொறியாளர்கள் நெல்லுக்காகச் செய்த வேலை, வழிப்போக்குப் பறவைக்கு மழைக்கு முந்தைய தங்கலை உண்டாக்கித் தந்தது.

திரும்பும் பருவம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது மடை வழியே நீர் வயலுக்குப் போய்க் கண்மாய் தாழ்ந்திருக்கும். மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடப்பதும் நீர் வற்றும் இந்நாட்களில்தான். ஊரார் கலக்கிவிட்ட சேற்றில் கொக்கும் உள்ளானும் இறங்குகின்றன. இவை போகவேண்டிய தூரத்தை நினைக்க வேண்டும். பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்தது பதிவாகியிருக்கிறது. எல்லா இனங்களுக்கும் அது இயலாது. ஐம்பது கிராமையும் எட்டாத கொசு உள்ளான், இறங்கி உண்டு ஏறித்தான் வடதுருவக் கரை சேர முடியும்.

5. கணக்கெடுப்பின் குறை

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. பனிக்காலம் கழிக்க வந்தவற்றை எண்ண அது சரியான மாதம். வழிப்போக்கர்கள் பெரும்பாலும் அதற்கு முன் தெற்கே கடந்திருப்பார்கள், அல்லது இன்னும் வடக்கே திரும்பத் தொடங்கியிருக்க மாட்டார்கள். ஜனவரியில் மதுரைக் கண்மாய் நிறைந்தும் இருக்கும். சேற்று விளிம்பு நீருக்குள் மூழ்கிக் கிடக்கும். அந்த நாளில் போய் எண்ணினால் தங்கல் கண்மாய் 'பறவை குறைந்த கண்மாய்' என்றே ஏட்டில் ஏறும். செப்டம்பரிலும் மார்ச்சிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நீர்மட்டத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். வயல்களையும் சேர்க்க வேண்டும். மடையைக் கவனிக்கும் நீர்ப்பாய்ச்சியிடம் மட்டத்தைக் கேட்டு எழுதுவது, எந்தக் கருவியையும்விடச் சுலபம்.

6. இடர்

ஆக்கிரமிப்பு, சாக்கடை, ஆகாயத்தாமரை ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அறியாத கேடு நல்லெண்ணத்தில் வருவது. தூர்வாரும்போது எதிர்ப்பக்கச் சரிவையும் சேர்த்து வெட்டிக் கண்மாயைத் தொட்டிபோல ஆக்கிவிடுகிறார்கள். சுற்றிலும் கரையெழுப்பி, கல் பதித்து, நடைபாதை போடுகிறார்கள். நீர் கூடுகிறது, விளிம்பு போகிறது. மடைப்பக்கம் ஆழப்படுத்தி, வரத்துப்பக்கச் சரிவைத் தொடாமல் விட்டால் உழவருக்கும் உள்ளானுக்கும் வழக்கு இராது.

ஓர் இடத்தைக் காத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கம் சாட்சி. 2012இல் அங்கே அமூர் வல்லூறுகள் வலைபோட்டுக் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டே ஊர்மக்கள் அதை நிறுத்தினார்கள். ஆப்பிரிக்கா வரை போகும் அப்பறவைக்கு அந்த நீர்த்தேக்கம் சில வாரத் தங்கல்தான்.

நம் வலசைப் பறவைகள் வரும் நடு ஆசிய வலசைப்பாதை 30 நாடுகளைத் தொடுகிறது. 2024இல் வலசை உயிரினங்களுக்கான சமர்கண்ட் மாநாட்டில் அதற்கான கூட்டு முயற்சி ஏற்கப்பட்டது. மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. வைகை சென்று முடியும் ராமநாதபுரம் மாவட்டத்தில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025 பிப்ரவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. இவற்றுக்கு மேற்கே, பேரணையிலிருந்து பரவை வழியாகச் சாமநத்தம் வரை, மார்ச் மாதச் சேற்றில் உள்ளான்கள் இறங்கும் கண்மாய்களும் வயல்களும் அந்தப் பட்டியலில் இல்லை.